பாக்கலாம் என்றால் பார்க்க வேண்டாமா

டிவியில் நான் வரப்போகிறேன் என்று தெரிந்ததும் அணுமின் நிலைய ஊழியர்களின் அணுபுரம் குவார்ட்டர்ஸில் நான் போய்ச் சொல்லாத வீடு பாக்கியில்லை. காய்கறி வண்டிக்காரரிடம்கூடச் சொல்லிவிட்டேன். தொண்ணூறுகளின் தொடக்கம். கல்யாணமாகி அந்த வீட்டுக்கு வந்து ஒரு வருஷம் இருக்கும். சென்னையில் ஒரு பட்டிமன்றத்தில் என்னைப் பேச வைத்துப் படம் பிடித்தார்கள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் இரண்டாவது சேனலில் வரும் என்றும் சொல்லி அனுப்பினார்கள். அன்றிலிருந்து என் கால் தரையில் பாவவில்லை.

சந்தோஷத்துக்கு இன்னொரு காரணமும் இருந்தது. திருப்போரூர்ப் பள்ளிக்கூடம் ஒன்றில் டீச்சர் வேலைக்குக் கூப்பிட்டிருந்தார்கள். என் கணவருக்குச் சம்மதம்தான். ஆனால் எங்களோடு இருந்த மாமனாரின் வாயிலிருந்து ஒரு வார்த்தை வர வேண்டும். கேட்கும்போதெல்லாம் அவர் “பாக்கலாம்மா” என்பார். அந்த வீட்டு அகராதியில் ‘பாக்கலாம்’ என்றால் ‘நடக்காது, போய் வேலையைப் பார்’ என்று அர்த்தம். பட்டிமன்ற விஷயத்தைச் சொன்னபோதும் அதையேதான் சொன்னார். “டிவில வர்றியாமே? பாக்கலாம்.” இந்தத் தடவை நிஜமாகவே பார்க்கத்தானே போகிறார் என்று நான் உள்ளுக்குள் குதித்தேன்.

ஒரே ஒரு சிக்கல். பட்டிமன்றத்தில் எந்த அணி என்பதை அவர்கள்தான் முடிவு செய்வார்கள். எனக்குக் கிடைத்தது, பெண்கள் வேலைக்குப் போனால் குடும்பம் குட்டிச்சுவராகும் என்கிற அணி! மேடை கிடைத்தால் விடுவேனா? வெளுத்து வாங்கிவிட்டு வந்தேன். இதை வீட்டில் மூச்சுவிடவில்லை. பட்டுப்புடவையும் பவுடருமாக மருமகளைத் திரையில் பார்த்தால் மனிதர் உருகி வேலைக்குச் சரி என்றுவிடுவார், பேச்சை யார் கவனிக்கப் போகிறார்கள் என்பது என் கணக்கு.

ஞாயிறு சாயங்காலம் எங்கள் ஹாலில் கால் வைக்க இடமில்லை. மாமனார் நடு நாற்காலியில் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். டிவி வாங்கி ஒரு மாசம்கூட ஆகவில்லை. முதல் சேனல் பளிங்கு மாதிரி தெரியும். அந்தத் திமிரில்தான் ஊரையே அழைத்திருந்தேன். என் கணவர் இரண்டாவது சேனலுக்குத் திருப்பினார். ஒரே இரைச்சல். திரை முழுக்கப் பூச்சி பறந்தது.

“எங்க வீட்லயும் அது வராதுங்க. எங்களுது பழைய டிவி, அதான் வரலன்னு நெனச்சோம். உங்களுது புதுசாச்சேன்னு வந்தோம்” என்றார் எதிர்வீட்டு அக்கா. வந்திருந்த எல்லோரும் தலையாட்டினார்கள். அணு உலைக்கே வைத்தியம் பார்க்கிறவர்கள் குடியிருக்கும் பிளாக்! ஆளுக்கு ஆள் தன் வீட்டு டிவியைத் திட்டிக்கொண்டிருந்தார்களே தவிர, ஒருவர்கூட மாடியேறிப் பார்க்கவில்லை.

என் கணவர் ஏறினார். நான் பாதிப் படிக்கட்டில் நின்றேன், அவர் கேட்பதைக் கீழே சொல்லவும், கீழே சொல்வதை மேலே கத்தவும்.

“ஏய், எல்லா ஆன்டெனாவும் ஒரே பக்கம் பாத்துகினு நிக்குது!” என்று மேலிருந்து கூவினார்.

அத்தனையும் பக்கத்திலிருந்த சின்ன ரிலே டவரைப் பார்த்து நின்றன. கிட்டத்தில் இருக்கிற டவர், அதனால் படம் பளிங்கு. ஆனால் அது சென்னையிலிருந்து முதல் சேனலை மட்டும் வாங்கித் திருப்பி அனுப்பும். இரண்டாவது சேனல் கிளம்புவது சென்னைப் பெரிய டவரில் மட்டும்தான். டவர் அனுப்பாததை டிவி எங்கே போய்க் கொண்டுவரும்? டிவி புதுசா பழசா என்பது பேச்சே இல்லை, எந்த டவரைப் பார்த்து நிற்கிறோம் என்பதுதான். அதைக் கண்டுபிடித்த நிமிஷத்தில் எனக்குப் பட்டிமன்றத்தையே ஜெயித்துவிட்ட மாதிரி இருந்தது.

என் கணவர் ஆன்டெனா பைப்பைப் பிடித்துச் சுற்றினார். “வருதா?” “வரல!” “இப்ப?” “வரல!”

திடீரென்று மாமனாரின் குரல் கணீரென்று கேட்டது. “வந்துடுச்சி! மருமவ வந்துடுச்சி! புடவ நல்லா கீது. ஆனா இன்னா பாஷடா பேசுது?”

ஓடிப்போய் எட்டிப் பார்த்தேன். யாரோ ஓர் அம்மாள் சிங்களத்தில் செய்தி வாசித்துக்கொண்டிருந்தார். ஆன்டெனா கடல் பக்கம் திரும்பிவிட்டது. வெயில் காலத்தில் எங்கள் கரையில் சில நாள் இலங்கை டிவி தானாக எட்டிப் பார்க்கும். “மாமா, நான் இங்க நிக்கிறேன்!” என்றேன். ஹாலே சிரித்தது.

மறுபடி படிக்கட்டுக்கு ஓடி, “சென்னைப் பக்கம்! வடக்கே திருப்புங்க!” என்று தொண்டை கிழியக் கத்தினேன். பைப் கிரீச்சிட்டது. ஹால் டிவியிலிருந்து முதலில் ஒரு கைதட்டல் கேட்டது. அப்புறம் ஒரு குரல். என் குரல்! “கையை எடுக்காதீங்க, அப்படியே பிடிச்சிக்கோங்க!” என்று மேலே சொல்லிவிட்டு உள்ளே பாய்ந்தேன்.

படம் வரவேயில்லை. திரை முழுக்க அதே பூச்சி. பட்டுப்புடவையும் இல்லை, பவுடரும் இல்லை. பேச்சு மட்டும் மணி மணியாக வந்துகொண்டிருந்தது. எது தெரிய வேண்டுமோ அது தெரியவில்லை, எது கேட்கக் கூடாதோ அது கேட்டது. “காலையில் அவள் பஸ் ஏறினால் குழந்தைக்குச் சோறூட்டுவது கண்டக்டரா?” என்று திரைக்குள்ளிருந்து நான் முழங்க, ஹாலில் நின்ற எனக்கு வியர்த்துக் கொட்டியது. வேலை போச்சு, என் வாயாலேயே போச்சு என்று நினைத்தேன். மாமனார் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, கண்ணை மூடிக் கேட்டார். இரண்டு இடத்தில் தலையை வேறு ஆட்டினார்.

பேச்சு முடிந்தது. எல்லோரும் அவரையே பார்த்தார்கள்.

“இன்னாம்மா இது? வூட்ல வேலைக்கு அனுப்புங்கனு உசுர வாங்குற. அங்க போயி வேலைக்கே போவக்கூடாதுனு இந்தப் போடு போடுற?”

“அது அவங்க குடுத்த பக்கம், மாமா.”

“தெரியுது. நீ சொன்னத நம்பி நானே தல ஆட்டிட்டேன்.” கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு என்னைப் பார்த்தார். “இம்மாம் பொய்ய இம்மாம் அழகா சொல்ற. நெசத்தச் சொல்லிக் குடுத்தா பசங்க கேக்காமலா பூடும்?”

“அப்போ, ஸ்கூலுக்கு... பாக்கலாமா மாமா?”

“பாக்க இன்னாம்மா கீது? அதான் கேட்டாச்சே. போய்ட்டு வா.”

மொட்டை மாடியில் பைப்பைக் கட்டிப்பிடித்து நின்றவரை அத்தனை பேரும் மறந்தே போயிருந்தோம். “வருதா? ஏய், இன்னும் வருதா?” என்று அவர் கத்தினார்.

“வந்துடுச்சிங்க!” என்று நானும் கத்தினேன். “விட்டுட்டு இறங்கி வாங்க!”