கணேசன் புடிச்ச முனை

புதுப் பட்டுக்குன்னு ஒரு வாசனை உண்டு. காஞ்ச கஞ்சி மாதிரி... அதோட கொஞ்சம் வேர்வை வாசனையும் சேர்ந்தா, அதுதான் எங்க கடையோட மாடி ரூம்.

பெரிய காஞ்சிபுரத்துல ஒரு ஜவுளிக்கடையில நான் சேல்ஸ்மேனா இருந்த காலம். கீழே ஏசி, கண்ணாடி, வர்றவங்களுக்கு கூல்டிரிங்க்ஸ். மேல ஸ்டாக் ரூம். அங்க ஃபேன் கூட போட முடியாது, புடவை பறக்கும். கழுத்துல துண்டைச் சுத்திக்கினு வேலை செய்வோம்.

விக்காம நிக்கிற பட்டுப்புடவையை அப்படியே வெச்சிருக்கக் கூடாது. ஒரே மடிப்புல ரொம்ப நாள் இருந்தா அந்தக் கோட்டுல ஜரிகை ஒடிஞ்சிடும். அப்பப்போ முழுசா பிரிச்சு, வேற இடத்துல மடிப்பு விழற மாதிரி மடிச்சு வெக்கணும். மடிப்பு மாத்தறதுன்னு சொல்லுவோம். அதுக்கு ரெண்டு பேர் வேணும். ஆளுக்கொரு முனை.

அந்த வருஷம் எனக்கு என்னமோ ஆயிடுச்சு.

என்னன்னு கேட்டா சொல்லத் தெரியல... லவ் ஃபெயிலியர் இல்ல. வீட்டுல சண்டை இல்ல. காரணம்னு ஒண்ணு இருந்திருந்தா நிம்மதியா சொல்லித் தொலைச்சிருப்பேன். காலையில எழுந்து பல்லு வெளக்கறதே பெரிய வேலையா இருந்தது. சோறு மண்ணு மாதிரி இறங்கும். சுத்தி அத்தனை பேர் பேசிக்கினு இருப்பாங்க, எனக்கு மட்டும் கெணத்துக்குள்ள இருந்து கேக்கற மாதிரி இருக்கும்.

தென்னேரி பக்கத்துல எங்க ஊரு. அம்மா வந்து தாயத்து கட்டிட்டுப் போனாங்க. பசங்க, "ஒரு டூர் அடிச்சா சரியாயிடும் மச்சி"ன்னாங்க. "உனக்கு இன்னாடா கொறைச்சல்?" இதை மட்டும் எல்லாருமே கேட்டாங்க. யார் மேலயும் கோவம் இல்ல. ஆனா அதைக் கேட்டுட்டு அவங்க போனதும், முன்னைவிடத் தனியா ஆயிடுவேன்.

முகூர்த்த சீசன். ஆந்திராவுல இருந்து ஒரு கல்யாணப் பார்ட்டி. பொண்ணோட அம்மா அந்த அரக்கு கலரை விரிச்சுக் காட்டச் சொன்னாங்க. புடவை என் மடியில இருக்குது. கை வரல... மறுபடி கேட்டாங்க. நான் அப்படியே உக்காந்திருந்தேன், கண்ணுல தண்ணி மட்டும் வந்துக்கினு இருந்தது.

மொதலாளி நல்ல மனுஷன்தான். "கொஞ்ச நாள் ரூம்ல ரெஸ்ட் எடுப்பா"ன்னார். கடைப் பசங்க தங்கற ரூமைச் சொல்றார், பகல்ல அங்க யாரும் இருக்க மாட்டாங்க. அந்த ரூம்ல தனியா போய்ப் படுத்தா நான் திரும்பி வர மாட்டேன்னு எனக்குத் தெரியும். அதை வாயைத் தொறந்து சொல்லத்தான் தெரியல.

கணேசன்தான் குறுக்க வந்தான். என்கூட ஒண்ணா வேலைக்குச் சேர்ந்தவன். பேச்சே வராது அவனுக்கு. கஸ்டமர்கிட்டயே "இது நல்லாருக்குதும்மா"வைத் தாண்டி ஒரு டயலாக் கெடையாது.

"மடிப்பு மாத்த ஆளு இல்ல மொதலாளி. இவனை எங்கூட மேல அனுப்புங்க."

அப்புறம் மாடியில நாங்க ரெண்டு பேரும்தான். இழுத்துப் புடிச்சு ஒரு உதறு. அப்புறம் ஒருத்தரை நோக்கி ஒருத்தர் நடந்து வந்து முனையைக் கையில குடுக்கணும். எந்தப் புடவையா இருந்தாலும் மூஞ்சிக்கு மூஞ்சி கிட்ட வந்தே ஆகணும். தப்பிக்கவே முடியாது.

கிட்ட வரும்போது ஒரே கேள்வி. "சாப்ட்டியாபா?"

"சாப்ட்டேன்"னு பொய் சொல்லுவேன். அவன் மத்தியானம் டிபன் பாக்ஸைத் தொறந்து பாதியை என் பக்கம் தள்ளுவான்.

ஒரு நாள், மயில்கழுத்து கலர் புடவை... கிட்ட வந்தான். கேள்வி மாறிடுச்சு.

"செத்துடலாம்னு தோணுதாபா உனக்கு?"

டீ சொல்லட்டுமான்னு கேக்கற அதே குரல்.

"ம்"னேன்.

அவன் பதறல. ஏன்னு கேக்கல. கையில இருந்த முனையையும் விடல.

"சரி. இதை மடிச்சிட்டுக் கெளம்பலாம். ஜி.ஹெச்ல மனசு டாக்டர் இருக்காங்க. எங்க மாமாவை அங்கதான் இட்டுக்கினு போனோம். ராத்திரிக்கு எங்க வீட்டுலயே படுத்துக்கோ, தனியா போவாத."

மடிச்சோம். போனோம். பெஞ்சுல எனக்குப் பக்கத்துல உக்காந்து அவன்பாட்டுக்கு செவுத்தைப் பாத்துக்கினு இருந்தான். டாக்டரம்மா பொறுமையா கேட்டாங்க, மாத்திரை குடுத்தாங்க, மறுபடி வரச் சொன்னாங்க. ஒரே நாள்ல எல்லாம் சரியாயிடல. ரொம்ப நாள் கழிச்சு ஒரு காலையில, டீ டீயா இனிச்சது. அதைச் சொன்னதுக்கு கணேசன் சிரிச்சான் பாருங்க...

இப்போ நான் சென்னையில, ஆன்லைன் ஜவுளி கம்பெனி ஒண்ணுல இருக்கேன். ஆஃபீஸ் ஆப் தினமும் காலையில கேக்குது, இன்னைக்கு எப்படி ஃபீல் பண்றீங்கன்னு. அஞ்சு மூஞ்சி பொம்மை காட்டும். சிரிக்கிற மூஞ்சியைத் தட்டிட்டு லாகின் பண்றேன். என் மூஞ்சியை யாரும் பாக்கறதில்ல. கணேசன் சூரத்துக்குப் போயிட்டான். நாள் கெழமைன்னா வாட்ஸ்அப்ல ஒரு படம் வரும், நானும் ஒரு படம் அனுப்புவேன்.

அம்மா போனதுக்கப்புறம் அவங்க கல்யாணப் பட்டு என்கிட்டதான் இருக்குது. போன ஞாயித்துக்கிழமை மடிப்பு மாத்தலாம்னு எடுத்தேன். ஒரு முனையைப் பீரோ கதவுல செருகிட்டு, மறுமுனையைப் புடிச்சுக்கினு பீரோ பக்கமா நடந்து போனேன். கிட்டப் போனா, பீரோ கண்ணாடியில நான்தான் நின்னுக்கினு இருந்தேன். அந்த மூஞ்சி எனக்குத் தெரிஞ்ச பழைய மூஞ்சி. பயமா இருந்தது.

போன் போட்டேன்.

"சாப்ட்டியாபா?" ஹலோ கூட இல்ல.

"சாப்ட்டேன்"னு வாய் வரைக்கும் வந்துடுச்சு.

"இல்லப்பா. நேத்துலருந்தே சாப்டல."

அவனுக்குப் பின்னாடி யாரோ ஹிந்தியில கத்தறது மட்டும் கேட்டுது.

"வீட்டுல அரிசி இருக்குதா?"

"இருக்குது."

"கழுவி அடுப்புல வை. போனை வெச்சிடாத. நாளைக்குக் காலையில டாக்டராண்ட போற. போயிட்டு எனக்குச் சொல்ற."

ஸ்பீக்கர்ல போட்டு அடுப்பு மேடை மேல வெச்சேன். குக்கர் விசில் வர்ற வரைக்கும் அவன் லைன்லயே இருந்தான்.

டாக்டரைப் பாத்துட்டேன். அவனுக்கும் சொல்லிட்டேன். பொங்கலுக்கு வரேன்னு சொல்லியிருக்கான். அம்மா புடவையை மடிக்கல... பீரோ கதவுலயே தொங்கிக்கினு இருக்குது. ஒரு முனை அவனுக்கு.