மௌன விரதத்தில் பெண் பார்க்க வந்தார்கள்

எழுபதுகளின் கடைசியில், மலேசியாவில் ஈப்போ நகரில் ஓர் ஆசிரமத்து அம்மாவிடம் ஞாயிறுதோறும் போய்க்கொண்டிருந்தேன். அவர் உபதேசமே செய்யமாட்டார். கேள்வியோடு போனால், "மனசுல வச்சிக்கிட்டுச் சும்மா இரு" என்பார். என் கேள்வி, பக்கத்து ஊரான சுங்கை சிப்புட் மாப்பிள்ளையைக் கட்டிக்கொள்வதா வேண்டாமா என்பது. படத்தில் மட்டும் பார்த்திருந்தேன். காது கொஞ்சம் பெரிது.

"ஒருநாள் வீட்லயே மௌன விரதம் இரு. சாயந்தரம் விளக்கு வச்சதும் பேசு," என்றார் அம்மா.

நான் விரதம் இருந்த நாள் பார்த்துத்தான் மாப்பிள்ளை வீட்டார் வந்து இறங்கினார்கள், சொன்னதற்கு ஒரு வாரம் முன்னதாக. வேன் அன்றைக்குத்தான் கிடைத்ததாம்.

என் தாயாருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. விரதம் என்றால் சாமியாராகப் போகிற பெண் என்று நினைத்துவிடுவார்களோ என்ற பயத்தில், "பிள்ளைக்குத் தொண்ட கட்டிருக்கு" என்று அளந்துவிட்டார். மாப்பிள்ளையின் அத்தை சும்மா விடுவாரா? "எங்க, ஆ காட்டு" என்று டார்ச்லைட் அடித்துப் பார்த்தார்.

"செவப்பா ஒண்ணும் இல்லையே. பொண்ணு ஊமையா?"

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு பலகாரத் தட்டை நீட்டினேன். தட்டு ஆடியது.

மாப்பிள்ளை என்னை உற்றுப் பார்த்தார். "தொண்டைல ஒண்ணும் இல்லலா அத்த. மௌன விரதம் போல. நானும் ஒருதடவ இருந்து பாத்தேன். மத்தியானம் சாம்பார்ல உப்பு இல்ல, வாயத் தொறந்துட்டேன்."

சொல்லிவிட்டு, எனக்குத் துணையாக அவரும் வாயை மூடிக்கொண்டார். அத்தை என்ன கேட்டாலும் தலையாட்டல்தான். நாங்கள் ஒருவரையொருவர் பார்ப்பதும் சிரிப்பை விழுங்குவதுமாக இருந்தோம். அந்தக் காதுகூட அழகாகத்தான் இருந்தது. என் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது.

வெயில் இன்னும் இறங்கவில்லை, விளக்கு வைக்க நேரம் இருந்தது. அத்தை எழுந்தார். "நேரமாச்சி, போலாம். மௌனம் சம்மதம்னு சொல்லுவாங்கல்ல. பொண்ணுக்குச் சரிதான்," என்று, கொண்டுவந்த பழத்தட்டைத் தாயாரிடம் நீட்டினார். அதை வாங்கிவிட்டால் கல்யாணம் முடிவான மாதிரி. தாயாரும் கையை நீட்டிவிட்டார்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. நாளெல்லாம் வாயைக் கட்டிக்கொண்டு நான் தேடி எடுத்த பதிலைச் சொல்ல இவர்கள் யார்?

"இல்ல," என்றேன்.

தட்டு பாதியில் நின்றது. மாப்பிள்ளையின் முகம் வாடிப்போனது.

"பேசாம இருந்தா சம்மதம்னு அர்த்தம் இல்ல அத்த. அத நான்தான சொல்லணும். எனக்கு இவரப் புடிச்சிருக்கு."