‘தெரியல’ என்றவருக்கே விற்ற தங்கவேலண்ணன்

சேதி வந்தபோது கரண்ட் இல்லை. மத்தியான வெயிலில் கடை வாசலில் ஸ்டூலைப் போட்டு, ஒரு அட்டையால் விசிறிக்கொண்டிருந்தேன். மூன்று கடை தள்ளியிருந்த தங்கவேலண்ணன் வீட்டிலிருந்து அவர் மனைவி மா மியா காலில் செருப்பில்லாமல் வந்து என்னிடம் ஏதோ சொன்னார். சரியாக அந்த நேரம் பார்த்து கரண்ட் வந்துவிட்டது. ரங்கூனில் கரண்ட் வந்தால் என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். மாடிக்கு மாடி, “மீ லாபி!” என்று கூவுவார்கள், வெளிச்சம் வந்தாச்சு என்று. அந்தக் கூச்சலில் அவர் சொன்னது காதில் விழவில்லை. “என்னம்மா?” என்று கேட்டுத் தொலைத்தேன்.

“அண்ணே, சாப்பிட்டுப் படுத்தாங்க. எழுப்புறேன், எழும்ப மாட்டேங்குறாங்க.”

ஒரு பெண்ணை அந்த வார்த்தையை இரண்டு தரம் சொல்ல வைத்துவிட்டேன். அது இன்னும் மனசை உறுத்துகிறது.

எங்கள் லான்மடாப் பகுதியில் தங்கவேலண்ணனைத் தெரியாதவர்கள் குறைவு. பர்மியர்களுக்கு அவர் பெயர் ‘உ தான்’, நமக்குத் தங்கவேலண்ணன். அம்மா பர்மியர், அப்பா தமிழர். பெகு பக்கத்துக் கரும்புத் தோட்ட ஊரில் பிறந்தவர். எண்பத்தெட்டாம் வருஷத்துக் கலவரம் ஓய்ந்து கடைகள் மெல்லத் திறந்த காலத்தில், பைனாகுலரும் டார்ச்சும் தலையில் கட்டுகிற வேட்டை விளக்கும் விற்கக் கடை போட்டார். நானும் அதே சரக்குதான் விற்றேன். ஆகவே இதை எழுதுகிறவன் அவருடைய சிநேகிதன் மட்டுமல்ல, போட்டிக்காரன். அவரைப் பற்றி நான் நல்லதாகச் சொல்வதை நீங்கள் தாராளமாக நம்பலாம்.

ஊரெல்லாம் கரண்ட் போனால் திட்டும். அண்ணன் மட்டும் கரண்ட் போகட்டும் என்று காத்திருப்பார். இருட்டில் பார்க்கிற சாமானை வெளிச்சத்தில் விற்கக் கூடாது என்பது அவர் கட்சி. யாராவது வேட்டைக்கென்று பைனாகுலர் கேட்டு வந்தால், “உக்காருங்க, ஒரு லப்பேயே டீ குடிங்க. பொழுது சாயட்டும், கரண்ட் போகட்டும், பாக்கலாம்” என்பார். பக்கத்து டீக்கடைக்காரருக்கு அதனால் நல்ல வியாபாரம். ஒருநாள் பெகுவிலிருந்து வந்த இரண்டு பேர் பொழுதடங்கும் வரை உட்கார்ந்தும் கரண்ட் போகவே இல்லை. எந்த அதிகாரி வீட்டுக் கல்யாணமோ, எங்கள் தெருவுக்கு வெளிச்சம் கொட்டியது. அண்ணன் மின்சாரக்காரர்களை வாயாரத் திட்டிவிட்டு, வந்தவர்களை மறுநாள் வரச்சொல்லி அனுப்பினார். “உன் கடை உருப்பட்ட மாதிரிதான்” என்றேன். “கடை உருப்படாட்டி உன் பக்கத்துலயே ஒரு ஸ்டூல் போட்டுக்கறேன்” என்றார்.

கரண்ட் போனதும் பரீட்சை நடக்கும். எங்கள் கடைகளுக்குப் பின்னால் ஒரு சந்து. குப்பையும் சாக்கடையும் பெருச்சாளியும் குடியிருக்கிற இடம். வாங்க வந்தவரைப் பின்வாசலில் சாமானோடு நிறுத்துவார்கள். சந்தின் அந்தக் கோடியில் ஏதோ ஒன்று அசையும். மா மியா பக்கத்தில் நின்று, “என்ன தெரியுது?” என்று கேட்பார். வந்தவர் மார்தட்டிக்கொண்டு, “பன்னி!” என்பார். உடனே அந்தப் பன்றி சாக்கை உதறிவிட்டு எழுந்து நின்று, லோஞ்சியை இழுத்துக் கட்டிக்கொண்டு, இடது காலை இழுத்து இழுத்து நடந்து வரும். தங்கவேலண்ணன்தான். நாலு காலில் தவழ்ந்துகொண்டிருந்தது அவர். “உங்களுக்கு வேண்டாங்க” என்று சாமானை வாங்கி உள்ளே வைத்துவிடுவார். மாடியிலிருந்து வேடிக்கை பார்த்து நான் சிரிக்காத நாளில்லை.

அவருடைய கால் கதையை அவர் வாயாலேயே கேட்டேன். இளம் வயதில், கரும்புக்குள் குனிந்து அரிவாளைத் தேடிக்கொண்டிருந்தவரைப் பன்றி என்று நினைத்து அவருடைய தாய்மாமனே நாட்டுத் துப்பாக்கியால் சுட்டுவிட்டார். இடுப்பில் ரவை பாய்ந்து இடது கால் விளங்காமல் போயிற்று. “மாமா கண்ணு நல்ல கண்ணுப்பா. அவசரம்தான் கெட்டது” என்று மட்டும் சொல்வார். கடைசிக் காலத்தில் பார்க்க ஆளில்லாத அந்த மாமாவைத் தன் வீட்டுக்கே அழைத்துவந்து வைத்துக்கொண்டார். சாயங்காலம் இருவரும் நடக்கப் போவார்கள். அண்ணன் எப்போதும் மாமாவுக்குப் பின்னால்தான் நடப்பார். மரியாதைக்காக என்று நான் நினைத்திருந்தேன். ஒருநாள் மா மியாதான் சொன்னார்: “முன்னால போனா மாமா காலப் பாப்பாங்க, அண்ணே. அழுவாங்க.” அதற்குப் பிறகு அவர்கள் இருவரும் தெருவில் போனால் நான் கடைக்குள் போய்விடுவேன்.

கடைசி நாலைந்து வருஷங்களில்தான் ‘சூட்டுக் கண்ணாடி’ எங்கள் தெருவுக்கு வந்தது. கப்பலில் வேலை பார்க்கிற ஒரு தெரிந்தவர் எங்கோ வாங்கிய இரண்டு பழைய தெர்மல் கருவிகளைக் கொண்டுவந்தார். வெளிச்சமே வேண்டாம், உடம்பின் சூட்டை வைத்து உருவம் காட்டும் என்றார். ஒன்றை அண்ணன் எடுத்தார், ஒன்றை நான் எடுத்தேன். போர்டு எழுதி விற்கிற சரக்கு அல்ல. தெரிந்தவருக்குத் தெரிந்தவர் வந்து கேட்டால் உண்டு. முதல் நாள் அண்ணன் கடைக்குள்ளிருந்து வாசல் கண்ணாடிக் கதவு வழியாகத் தெருவைப் பார்த்தோம். தெருவில் ஜனம் போகிறது. கருவியில் ஒருவரும் இல்லை. மங்கலாக இரண்டு பூதங்கள் மட்டும் நின்றன. கப்பல்காரர் நம் தலையில் மிளகாய் அரைத்துவிட்டார் என்று நான் குதித்தேன். அப்போது மா மியா டீக் கெண்டியோடு கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார். கருவிக்குள் அவர் பளிச்சென்று ஜொலித்தார். கெண்டி அவரைவிட ஜொலித்தது. அப்போதுதான் பூசிய ஈரத் தனக்கா மரக்குழம்பு இரண்டு கன்னத்திலும் கறுப்பு வட்டமாகத் தெரிந்தது. கண்ணாடிக் கதவைத் தாண்டிச் சூடு வராது என்பதும், பூதங்கள் கதவில் பிரதிபலித்த நாங்கள் இருவரும்தான் என்பதும் அப்புறம்தான் புரிந்தது. வெகுகாலமாகக் கண்ணாடி விற்கிற இரண்டு மேதாவிகள்! அண்ணன் சிரித்துச் சிரித்து இருமினார். பிறகு கருவியை மறுபடி கண்ணில் வைத்து மனைவியையே பார்த்துக்கொண்டு நின்றார். “இவ்வளவு சூடா இருக்கியே, காய்ச்சலா?” என்று கேட்டார். “போங்க!” என்று மா மியா டீயை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

அந்தக் கருவியைத் தேடி வந்தவர்தான் ராமையா. அண்ணனின் ஊர்ப்பக்கத்துக் கரும்புத் தோட்டக்காரர். பன்றிக் கூட்டம் முந்தின வருஷத்து விளைச்சலைத் துவைத்துப் போட்டிருந்தது. இந்த வருஷமும் போனால் நிலத்தை விற்க வேண்டியதுதான் என்று உட்கார்ந்த உடனே சொன்னார். பாவம், பொய்யில்லை, முகமே சொன்னது. அப்படிப்பட்டவரும் பின்சந்தில் அண்ணனைப் பார்த்துப் “பன்னி!” என்றுதான் சொன்னார். அண்ணன் கருவியை உள்ளே வைத்துவிட்டார். ராமையாவுக்குக் கோபம் வந்துவிட்டது. “பயிரு போறது என்னுது. நீங்க சந்துல தவழ்ந்து விளையாடுறீங்க!” என்று கத்திவிட்டு நேரே என் கடைக்கு வந்தார்.

என்னிடமிருந்தது தூரத்தைக் கிட்டே இழுத்துக் காட்டுகிற கருவி. சந்தைத் தாண்டித் தெருக்கோடி நாய்கூடச் சூட்டுப் புள்ளியாகத் தெரியும். ராமையாவுக்கு அது பிடித்துவிட்டது. நான் விலை பேசிக்கொண்டிருக்கும்போது அண்ணன் வந்து என் ஸ்டூலில் உட்கார்ந்தார்.

“விக்காதேன்னு சொல்ல வரல. ரெண்டையும் வச்சு ஒரு தரம் பாத்துட்டு வாங்கட்டும்” என்றார்.

“மறுபடி தவழப் போறியா?” என்றேன்.

“வேற யாரு இருக்கா? நீ தவழ்ந்தா வயிறு தரையில இடிக்கும்.”

தவழ்ந்தார். அந்த வயதில், அந்தக் காலை வைத்துக்கொண்டு, அந்தச் சாக்கடை ஓரத்தில். கரும்புத் தோகை மறைக்கிற மாதிரி உருவம் கலையட்டும் என்று மேலே சாக்கு. போதாததற்குத் தெருநாய் ஒன்றையும் கயிற்றில் பிடித்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். “நான்தான்னு மறந்துடு, படத்துல தெரியறத மட்டும் சொல்லு” என்றார் ராமையாவிடம். என் கருவியில் ராமையா பார்த்தார். “சூடா ரெண்டு திட்டு. பெருசு ஒண்ணு, சின்னது ஒண்ணு. தாயும் குட்டியும்” என்றார். அண்ணனுடைய கருவி அத்தனை தூரம் போகாது. ஆனால் படம் பொடிப்பொடியாகச் சிதறாது, பரப்பும் அதிகம். அதை வாங்கிப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். நாயின் வால் தெரிந்தது. மற்றது என்னவென்று அவரால் சொல்ல முடியவில்லை. ஒரு முறை கருவியை இறக்கிக் கண்ணைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

“ஒண்ணு நாயி. இன்னொண்ணு... தெரியலண்ணே” என்றார்.

அண்ணன் சாக்கோடு எழுந்து வந்தார். மூச்சு வாங்கியது. “இப்ப வாங்கு. எவ்வளவு தூரம் தெரியும்னு எவன் வேணா சொல்லுவான், ராமையா. எவ்வளவு தூரத்துல மனுசன் மனுசனாத் தெரியும்னு கேளு. உன்னைத் ‘தெரியல’ன்னு சொல்ல வச்ச கண்ணாடிதான் உனக்கு. தெரியலன்னா இறக்கிடு. பன்னி நாளைக்கும் வரும்.” அதோடு விடவில்லை. மழைக்குப் பிறகு பார்த்தால் நன்றாகத் தெரியும், வெயில் காலத்தில் பொழுது சாய்ந்ததும் பார்க்காதே, மண்ணே சுட்டுக்கொண்டிருக்கும், ஊரில் கரண்ட் இல்லாவிட்டால் கடையில் விற்கிற சாதா பேட்டரியிலும் ஓடும் என்று ஒவ்வொன்றாகச் சொல்லி அனுப்பினார்.

என் வியாபாரம் போயிற்று. நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு சில நாள் பேசவில்லை.  அண்ணன் பசுந்தாங் சந்தையில் வாங்கிய மாம்பழத்தில் பாதியை நறுக்கி மா மியாவிடம் கொடுத்தனுப்பினார். தின்றுவிட்டுப் பேசினேன்.

சாவுக்குப் பசுந்தாங்கிலிருந்தும் தாகேதாவிலிருந்தும் ஏகப்பட்ட பேர் வந்தார்கள். உங்களில் பலரை அங்கே பார்த்தேன். ராமையாவும் வந்திருந்தார், கையில் ஒரு வெல்லப் பொட்டலத்தோடு. அவருடன் ஒரு பர்மியர். யாருக்கும் அவரைத் தெரியவில்லை. சொந்தக்காரர்களைவிட அதிகமாக அழுதார். பாடை எடுக்கும்போது முன்னால் வந்து தோள் கொடுத்தார். கடைசி வரை மாற்றிக் கொடுக்கவே இல்லை.

திரும்பி வந்த பிறகு மா மியா ராமையாவிடம் கேட்டார்: “இவங்க யாரு?”

ராமையா சொன்னார்: “கோ டின்னு பேரு, அக்கா. போன மாசம் கரும்புக்குள்ள சூடா ஒண்ணு குனிஞ்சிருந்துச்சு. மருமகன் குறி வச்சுட்டான். கண்ணாடி என் கையில. பன்னின்னுதான் எனக்குப் பட்டுச்சு. ஆனா அண்ணன் சாக்க உதறிட்டு எழுந்து நிப்பாரே, அது கண்ணு முன்னால வந்துருச்சு. ‘தெரியலடா, இறக்கு’ன்னேன். கொஞ்ச நேரத்துல அது எழுந்து, கரும்புக் கட்டத் தோள்ல போட்டுக்கிட்டு நடந்துச்சு. இவருதான். வெல்லம் காய்ச்சினதும் கொண்டாந்து அண்ணன்கிட்ட நேர்ல சொல்லலாம்னு இருந்தேன். பிந்திட்டேன்.”

கோ டின் தலையைக் குனிந்துகொண்டு பர்மியத்தில் சொன்னார்: “திருடத்தான் போனேன். இவர் முகத்தை இன்றைக்குத்தான் பார்க்கிறேன்.” மா மியா அதுவரை அழவில்லை. அப்போது அழுதார். நானும்தான்.

அந்தச் சேதியைக் கேட்காமலே அவர் போய்விட்டாரே என்பதுதான் எனக்கு ஆறவில்லை. இத்தனை வருஷம் சந்தில் தவழ்ந்ததற்கு அவருக்குக் கிடைத்ததெல்லாம் என் சிரிப்புதான்.

கடையை மா மியா நடத்துகிறார். ஞாபகத்துக்கு என்ன வேண்டும், பித்தளை பைனாகுலரை எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். நான் அந்தச் சாக்கைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். போன வாரம் சாயங்காலம் ஒருவர் வேட்டைக்கென்று கண்ணாடி கேட்டு அவர் கடைக்கு வந்தார். கரண்ட் போயிற்று. மா மியா என்னைப் பார்த்தார். நான் எழுந்து சந்தின் கோடிக்குப் போய், சாக்கைப் போர்த்திக்கொண்டு முழங்காலில் இறங்கினேன். அண்ணன் சொன்னது சரி, வயிறு தரையில் இடித்தது. சாக்கில் அவருடைய வெற்றிலை வாசனை இருந்தது. “என்ன தெரியுது?” என்று மா மியா கேட்பது தூரத்தில் கேட்டது. 

“தெரியலீங்களே” என்றார் வந்தவர் கடைசியில்.

உடனே எழுந்திருக்க வேண்டும். அப்படித்தான் வழக்கம். எனக்குக் கண்ணைத் துடைத்துக்கொள்ள வேண்டியிருந்தது; சாக்குக்குள்ளேயே கொஞ்ச நேரம் இருந்தேன்.