ராக்னாவின் சதுப்பும் மஞ்சள் கருவியும்

ராக்னா ஹென்ரிக்சன் எனக்கு அடுத்த வீட்டுக்காரி. முப்பத்திரண்டு ஆண்டுகள் மீன் தொழிற்சாலையில் காட் மீனைக் கூறுபோட்டவள். நான் அதே காலத்தில் வானிலைத் துறைக்காக மழையளந்துகொண்டிருந்தேன். தூர வடக்கில், எங்கள் போர்சாங்கர் கடற்கரையில் ஆகஸ்ட் மாதம் மூல்டே பழுக்கும்போது ஊரில் பாதிப் பேர் பேச்சைக் குறைத்துக்கொள்வார்கள். மேட்டுநிலச் சதுப்பில் விளையும் அந்த ஆரஞ்சு நிறப் பழம் தனக்கு எங்கே கிடைக்கிறது என்று யாரும் சொல்வதில்லை. கேட்பதுமில்லை. அப்படிக் கேட்பதற்குப் பதில் அடுத்தவர் வீட்டு அலமாரியைத் திறந்து பார்க்கலாம், அது கொஞ்சம் மரியாதை.

ராக்னாவின் சதுப்பு எங்கே என்று அவள் கணவன் ஆர்விட்டுக்கே தெரியாது. வண்டிப் பாதை முடியும் இடத்தில் அவன் காப்பிக் குடுவையோடு உட்கார்ந்திருப்பான். அவள் மட்டும் நடந்து போய், இரண்டு வாளி நிறையப் பழத்தோடு திரும்புவாள். மருத்துவமனையில் கடைசி வாரத்தில், "இப்பவாச்சும் சொல்லேன்" என்று அவன் கேட்டானாம். "மொதல்ல எந்திரிச்சு நட, காட்டுறேன்" என்றாளாம். அவன் எழவில்லை.

அதன்பிறகு தனியாகவே போய்வந்தாள். ராக்னாவின் எழுபத்தோராவது வயதில் மகள் சில்யே குறுக்கே நின்றாள். அவள் ட்ரொம்ஸோ நகரில் செவிலியர். மேட்டுநிலத்தில் போன் எடுக்காது, அவசரக் கருவி ஒன்று வாங்கினால்தான் ஆச்சு என்று நான்கு சக்கர மோட்டார் வண்டியின் சாவியை எடுத்துவைத்துக்கொண்டாள். கருவி இல்லாவிட்டால் ராக்னாவுக்குச் சதுப்பு இல்லை. தப்பான கருவி வாங்கினால் அதே சதுப்பு ஊருக்கே சொந்தம்.

லாக்செல்வில் இருக்கும் டோர்வாலின் கடைக்கு என் காரில் அழைத்துப்போனேன். தூண்டிலும் பூட்ஸும் விற்கும் டோர்வால்தான் எங்கள் பகுதித் தொண்டர் மீட்புக்குழுவின் தலைவர். அவரும் மூல்டே பறிப்பவர்.

"இத எடுத்துக்கங்க ராக்னா" என்று பெரிய கருவி ஒன்றை நீட்டினார். "செய்தி அனுப்பலாம், பதிலும் வரும். பத்து நிமிஷத்துக்கு ஒருதடவ நீங்க இருக்கிற எடம் மேப்புல புள்ளியா விழும்."

"யாரு பாப்பாங்க அந்தப் புள்ளிய?"

"உங்களுக்குப் புடிச்ச யாரு வேணா பாக்கலாம்."

"எனக்கு யாரையும் புடிக்காது."

"கணக்கு தொறக்கிறது கொஞ்சம் சிக்கல். நானே தொறந்து, கடவுச்சொல்லும் போட்டுத் தர்றேனே."

"தருவ, தருவ. கூடவே ஒரு வாளியும் எடுத்துட்டு வருவ." மேசையிலிருந்த சின்ன மஞ்சள் கருவியைச் சுட்டினாள். "அது என்ன?"

"அது ஊமை மாதிரி. ஆன்டெனாவ நீட்டி அமுக்கினா 'ஆபத்து, இந்த எடத்துல'ன்னு செயற்கைக்கோளுக்குச் சொல்லும். அவ்வளவுதான். என்ன ஆபத்துன்னு சொல்லத் தெரியாது. அமுக்குற வரைக்கும் வாயே தொறக்காது."

"அமுக்குற வரைக்கும் வாயே தொறக்காதா?"

"தொறக்காது."

"எங்க ஊர் ஆளாட்டம் இருக்கு. கட்டிக் குடு."

சாவி திரும்பக் கிடைத்தது. ஆகஸ்ட் இரண்டாம் வாரம், மேட்டுநிலத்தில் பனிமூட்டம் இறங்கிய ஒரு மதியம், மீட்பு மையத்திலிருந்து சில்யேவுக்கு அழைப்பு. உங்கள் அம்மாவின் கருவி கத்துகிறது, ஆனால் மூட்டத்தில் ஹெலிகாப்டர் இறங்க முடியவில்லை என்றார்கள். தொண்டர் குழு கிளம்பியது. சில்யே அழுதுகொண்டே என்னைக் கூப்பிட்டதால் நானும் வண்டிப் பாதை முடியும் இடம்வரை போனேன்.

டோர்வாலும் இன்னும் நான்கு பேரும் வண்டிகளில் தூக்குப்படுக்கை, கம்பளி எல்லாம் கட்டியிருந்தார்கள். ஒவ்வொரு வண்டிக்குப் பின்னாலும் ஒரு மூடிபோட்ட வாளி.

"வாளி எதுக்கு?" என்றேன்.

"முதலுதவிச் சாமான், ஓட்வார்."

ஒரு மூடியைத் திறந்தேன். "காலியா இருக்கே?"

"கட்டுத்துணிக்கு என்ன பெரிய வெயிட்டு" என்று சொல்லிவிட்டு டோர்வால் வண்டியைக் கிளப்பினார்.

மாலையில் திரும்பினார்கள். தூக்குப்படுக்கையில் ராக்னா. கணுக்கால் உடைந்து வீங்கியிருந்தது. இரண்டு பக்கமும் அவளுடைய வாளிகள், நிறைய மூல்டே. குழுவின் ஐந்து வாளிகளும் போனபடியே காலியாக வந்தன.

"மொட்டப் பாறை மேல உக்காந்திருக்காங்க" என்றார் டோர்வால், நம்ப முடியாதவர்போல. "கண்ணுக்கு எட்டுற வரைக்கும் ஒரு செடி இல்ல. பழம் மட்டும் ரெண்டு வாளி!"

"பாறையில இந்த வருஷம் நல்ல வெளச்சல்" என்றாள் ராக்னா.

சதுப்பில் வழுக்கி விழுந்து கால் ஒடிந்ததும் கருவியைக் கையில் எடுத்திருக்கிறாள். மூட்டத்தைப் பார்த்திருக்கிறாள். ஹெலிகாப்டர் வராது, டோர்வால்தான் வருவான் என்று புரிந்திருக்கிறது. ஆன்டெனாவை நீட்டாமலே, உட்கார்ந்தபடி பின்பக்கமாகத் தன்னை இழுத்து, அப்புறம் வாளிகளை இழுத்து, மறுபடி தன்னை இழுத்து, அந்தப் பாறைக்கு வந்துசேர்ந்த பிறகே அமுக்கியிருக்கிறாள். எவ்வளவு தூரம் என்று பிறகு பலமுறை கேட்டுப் பார்த்தேன். தூரத்தைச் சொன்னால் நான் மேப்பில் அந்தப் பாறையைச் சுற்றி வட்டம் போட்டுவிடுவேன் என்கிறாள். ஆகவே அந்த எண் என்னிடம் இல்லை.

மருத்துவமனையில் மருத்துவர் திட்டி முடித்துப் போன பிறகு சில்யே தாழ்ந்த குரலில் சொன்னாள்: "அந்தக் கருவிக்கு ஒரே வார்த்ததான் தெரியும்மா. கால் போச்சா, உயிர் போச்சான்னு அது சொல்லல. அவங்க உன்னக் கண்டுபுடிக்கிற வரைக்கும் நீ செத்துட்டதாவே நெனச்சிட்டிருந்தேன்."

ராக்னா சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "அந்தப் பெரிய கருவிய வாங்கு" என்றாள். "டோர்வால்கிட்ட வேணாம், ட்ரொம்ஸோவுல வாங்கு. மேப்பு உனக்கு மட்டும். உன் புருஷன் பாக்கக் கூடாது."

"அவருக்கு மூல்டேன்னாலே ஆகாதும்மா."

"அப்பிடித்தான் எல்லாரும் சொல்லுவாங்க."

மறு ஆகஸ்டில் ஒரு மதியம் சில்யே எனக்குப் போன் செய்தாள். "ஓட்வார், காலையில அம்மா நாலஞ்சு எடத்த வளைய வளைய சுத்திட்டுப் போச்சு. இப்ப ரொம்ப நேரமா புள்ளி ஒரே எடத்துல நிக்குது. பயமா இருக்கு. எடத்தப் படிக்கிறேன், எழுதிக்கிறீங்களா?"

பென்சில் கையில்தான் இருந்தது. "படிக்காதம்மா" என்றேன். இதைச் சொல்வது எளிதாக இருக்கவில்லை. "புள்ளி கொஞ்சம்கூட நகரலையா?"

"கொஞ்சங்கொஞ்சமா நகருது. ஒரு நாய் படுக்குற அளவுக்கு எடம் மாறும்."

"அப்ப பறிச்சிக்கிட்டிருக்கா. நீ எதுக்கும் ஒரு செய்தி அனுப்பிப் பாரு."

அனுப்பினாள். நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே பதில் வந்தது. சில்யே அதை எனக்குப் படித்துக்காட்டினாள்:

"உயிரோடதான் இருக்கேன். மேப்ப மூடு."