நாலு வாரம், ஒரே காலகட்டம்

வரலாற்று வாத்தியார் வேலை என்பது பகலெல்லாம் செத்துப்போனவர்களைப் பற்றிப் பேசிவிட்டு, சாயங்காலம் பேச ஆளில்லாமல் வீட்டுக்குப் போவது. இதே பிழைப்பில் இருப்பவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. தொண்ணூறுகளின் நடுவில் ஆம்பூரிலிருந்து பெங்களூருக்கு வந்தேன். அல்சூர் பக்கம் பள்ளிக்கூடம், ஜோகுபாளையத்தில் மாடி அறை, ஒண்டிக்கட்டை.

சுதந்திரம் எப்போது?

ஒன்பதாம் வகுப்புப் பாடப்புத்தகம் ஒரே வருஷத்தில் பல நூற்றாண்டுகளைத் தாண்டி ஓடும். அந்த ஓட்டத்தில் பிள்ளைகள் மனதில் எதுவும் ஒட்டுவதில்லை. அதனால் நாலு வாரம் ஒரே காலகட்டத்தில் நிற்பது என்று திட்டம் போட்டேன். வெள்ளைக்காரப் பட்டாளம் தங்க பெங்களூரில் கண்டோன்மென்ட் உருவான காலம். பட்டாளத்துக்குப் பின்னால் நம் தமிழ் ஜனங்கள் இங்கே வந்து குடியேறிய கதை. யார் வந்தார்கள், எதற்கு வந்தார்கள், கூட யார் வந்தார்கள் என்று அவரவர் வீட்டில் கேட்டு வர வேண்டும். ஒரு பிள்ளையாவது இது நம்ம கதை என்று உணர்ந்தால் போதும் என்றிருந்தது எனக்கு. தலைமையாசிரியை திட்டத்தைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"நாலு வாரம் அங்கயே நின்னுட்டா, சுதந்திரம் எப்ப சார் வாங்குறது?"

இரவல்

எப்படியோ அனுமதி கிடைத்தது. இரண்டாம் வாரமே கணக்கு வாத்தியார் நாகராஜ் வகுப்பு வாசலில் வந்து நின்றார். டெஸ்ட் வருகிறதாம், என் வகுப்பு வேண்டுமாம். கணக்குக்கு அவசரம் என்றால் வரலாற்றின் மேல்தானே கை வைப்பார்கள்! குதிரை லாயம் வரை வந்திருக்கிறோம், இப்போது விட்டால் பிள்ளைகளுக்கு மறந்துபோகும் என்று கெஞ்சிப் பார்த்தேன். அவர் என் கையிலிருந்த சாக்பீஸையே வாங்கிக்கொண்டார்.

"செத்தவங்க எங்க சார் ஓடிடப் போறாங்க? பசங்களுக்கு நாளைக்கு டெஸ்ட்."

ரெண்டு டீ

பறிபோன வகுப்பை ஈடுகட்ட, ஞாயிற்றுக்கிழமை அறையில் உட்கார்ந்து மறுபடி திட்டம் போட்டேன். கேள்வியை நானே உரக்கக் கேட்டு, பிள்ளைகள் என்ன சொல்வார்கள் என்று நானே பதிலும் சொல்லிப் பார்ப்பது என் வழக்கம். யாரோ கதவைத் தட்டினார்கள். கீழ்வீட்டு ஓனரம்மா, தட்டில் இரண்டு டம்ளர் டீயோடு. என் தோளுக்கு மேலே எட்டி அறைக்குள் பார்த்தார். எனக்கு அவமானமாகப் போய்விட்டது.

"பேச்சு சத்தம் கேட்டுச்சு, யாரோ வந்திருக்காங்கன்னு நெனச்சேன். சரி விடுங்க சார், ரெண்டையும் நீங்களே குடிச்சிடுங்க."

மூன்றாவது கேள்வி

கடைசி வாரம் தேவி எழுந்தாள். வகுப்பில் வாயே திறக்காத பெண். அவளுடைய முன்னோர் ஒருவர் பட்டாளத்துக் குதிரைகளுக்குப் புல் அறுக்க வந்தாராம். கூடவே தம்பி, மச்சான், பக்கத்து வீட்டுக்காரர் என்று பாதித் தெருவே வந்ததாம். சொல்லச் சொல்ல அவள் குரல் உயர்ந்தது. இதற்குத்தானே இத்தனை பாடு என்று நினைத்துக்கொண்டேன்.

அவள் உட்காரவில்லை. "நீங்க எதுக்கு சார் வந்தீங்க?" என்றாள். வேலைக்கு என்றேன். "உங்க கூட யார் வந்தாங்க?" வகுப்பே என்னைப் பார்த்தது. யாருமில்லை என்றேன். அவளுக்கு என்மேல் இரக்கம் வந்துவிட்டது.

"பரவால்ல சார், அந்தக் கேள்விய மட்டும் நீங்க சாய்ஸ்ல விட்டுருங்க."

அந்த வருஷம் சுதந்திரத்தை இரண்டே வகுப்பில் வாங்கிக் கொடுத்துவிட்டேன். மூன்றாவது கேள்வியைத்தான் இன்னும் சாய்ஸிலேயே வைத்திருக்கிறேன்.