இடக்கை மாமாவின் முதுகில் பட்ட பந்து

நான் முதன்முதலாகப் பொறாமைப்பட்ட மனிதரை, எனக்கு ஒன்பது வயதாகும்வரை நேரில் பார்த்ததே இல்லை. அவர் லண்டனில் இருந்தார். நான் இத்தாலியின் பலேர்மோவில், ரயில் நிலையத்துக்குப் பின்னால் ஒரு மூன்றாம் மாடி வீட்டில், சோற்றுத் தட்டுக்கு முன்னால் இருந்துகொண்டு மனதுக்குள் அவரைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

அவர் எங்கள் எல்லே அணியின் பழைய ஆட்டக்காரர். எல்லே இலங்கையில், எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடங்களில் ஆடுகிற ஆட்டம். நீளக் கம்பால் பந்தை அடித்துவிட்டு நான்கு கொடிகளையும் சுற்றி ஓடிவர வேண்டும். ஓடுகிறவர்மேல் பந்தை எறிந்து படவைத்தால் அவர் அவுட். துறைமுகத்துக்கு அப்பால் கடற்கரைப் புல்வெளியில் நாயோடு நடக்க வரும் இத்தாலியர்கள் சற்று நின்று பார்த்துவிட்டு, "பேஸ்பால்" என்று தங்களுக்குள் தீர்ப்புச் சொல்லிக்கொண்டு போவார்கள். நாங்கள் திருத்துவதில்லை. வீட்டுவேலை செய்கிறவர்களுக்கு வியாழக்கிழமை பிற்பகல் ஓய்வு என்பதால் ஆட்டமும் வியாழக்கிழமைகளில்தான். கம்பு, வேலைக்குப் போகும் ஏதாவதொரு சிஞ்ஞோராவின், அதாவது எசமானியின், வீட்டில் கூட்டிக் கூட்டித் தேய்ந்துபோன தும்புத்தடியின் பிடியாக இருக்கும்.

அப்பா ஒருநாளும் கம்பைத் தொட்டதில்லை. அவர் ரசிகர். முதல் ஆட்டத்திலிருந்து ஒரு வியாழனும் தவறாமல், தண்ணீர்ப் போத்தல்கள் வைத்த பெட்டிமேல் உட்கார்ந்து, ஆடுகிறவர்களைப் பார்த்துக்கொண்டே அணியை விட்டுப் போனவர்களைப் பற்றிக் கதைப்பார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, முன்னால் நிற்பது யாரென்றே தெரியாமல் ஓடிய ஒருவர் இப்போது ஜெர்மனியில். அடிப்பதற்கு முன் சிலுவை போட்டு, அடித்து, பந்து தப்பினால் மாதாவோடு சண்டை பிடிக்கும் மன்னார்க்காரர் ஒருவர் கனடாவில். எல்லாருக்கும் மேலே, இடக்கையால் அடித்தவர். அப்பா அவரை இடக்கையன் என்பார். நான் இடக்கை மாமா என்று மரியாதையாகச் சொல்ல வேண்டும்.

அந்த மனிதர் எங்கள் வீட்டில் வாடகை கொடுக்காமல் குடியிருந்தார் என்றுதான் சொல்ல வேண்டும். பள்ளிக்கூட ஓட்டப்போட்டியில் முதலாவதாக வந்து, பதக்கத்தைக் கழுத்திலேயே போட்டுக்கொண்டு நான் வீட்டுக்கு வந்த நாளில், அப்பா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நல்லது பிள்ளை," என்றார். "இடக்கையன் ஓடினா கால் நிலத்திலை படாது."

எனக்கு வயிறு பற்றி எரிந்தது. கணக்கில் முழுப் புள்ளி எடுத்தாலும் இடக்கையன் ஒருவேளை இரண்டு புள்ளி கூட எடுத்திருப்பானோ என்று தோன்றும். இடக்கைதான் அவருடைய ரகசியமாக்கும் என்று ஒருநாள் இடக்கையால் சோற்றைப் பிசைந்தேன். அம்மா அகப்பைக் காம்பால் புறங்கையில் ஒன்று போட்டார். இடக்கையால் சாப்பிடுகிற பிள்ளையை எந்த வீட்டில் சேர்ப்பார்கள்? அந்த அடியையும் நான் இடக்கை மாமாவின் பேரிலேயே எழுதிக்கொண்டேன். பிறகு முற்றத்துச் சுவரில் பந்தை எறிந்து பழகத் தொடங்கினேன். கீழ்வீட்டு இத்தாலியக் கிழவி யன்னலைத் திறந்து கத்தும்வரை எறிவேன்.

எனக்கு ஒன்பது வயதான அந்த ஆகஸ்டில் அவர் விடுமுறைக்கு வந்தார். அப்பா விடியவே ஸ்ஃபெர்ராகவால்லோ மீன்துறைக்குப் பஸ்ஸில் போய்க் கணவாய் வாங்கி வந்தார். "கண்டறியாத இடக்கையன்! எனக்கு ஒருநாளாவது இவ்வளவு தூரம் போயிருப்பியளே?" என்று அம்மா கேட்டுக்கொண்டே மிளகாய்த்தூளை அள்ளிப் போட்டார். எங்கள் வீட்டில் எனக்கு ஒரு கூட்டாளி இருக்கிறார் என்று அன்றுதான் தெரிந்தது.

வந்தவரைப் பார்த்து நான் ஏமாந்துபோனேன். தொந்தி வைத்த, சிரித்த முகத்துக்காரர். பாதங்களில் பால்வெள்ளைச் சப்பாத்து. எனக்கு ஒரு தகரம் நிறையச் சொக்கலேட் கொண்டுவந்திருந்தார். தொடவே மாட்டேன் என்று சபதம் எடுத்து, குளியலறையில் வைத்து நாலு தின்றேன். அவர் கூடத்தில் லண்டன் வீட்டைப் பற்றி, பின்வளவில் நட்ட முருங்கை குளிரில் செத்ததைப் பற்றி, சிரிக்கச் சிரிக்கக் கதைத்தார்.

பிறகு கேட்டார்: "அண்ணை, உங்கடை சித்தாதினான்சா இன்னும் வரேல்லையே?"

இத்தாலியக் குடியுரிமையைத்தான் கேட்கிறார் என்று எனக்குத் தெரியும். அது கிடைத்தவர்கள் அடுத்த வருடம் லண்டனில் இருப்பார்கள் என்பதும் தெரியும். எங்கள் அணியே அப்படித்தான் கரைந்துகொண்டிருந்தது.

"வரும், வரும்," என்ற அப்பா, வந்தவர் வேண்டாம் என்று கையை நீட்டி மறிக்க மறிக்க, இன்னும் இரண்டு அகப்பை கணவாய்க்கறியை அவர் தட்டில் கொட்டினார்.

அந்த வியாழன் புல்வெளிக்கு வழக்கத்தைவிட அதிகம் பேர் வந்திருந்தார்கள். எதிரணிக்கு ஒரு ஆள் குறைந்ததால், மூன்றாம் கொடிப்பக்கம் பந்து பொறுக்க என்னை விட்டார்கள். இடக்கை மாமா கம்பை வாங்கினார். இரண்டு தரம் காற்றை அடித்தார். மூன்றாம் தரம் அடித்த அடி, அப்பா பொய் சொல்லவில்லை என்பதை எனக்குக் காட்டியது. பந்து என் தலைக்கு மேலால் பறந்து பனைகளுக்கு அப்பால் விழுந்தது. நான் ஓடினேன். எடுத்துக்கொண்டு திரும்பியபோது அவர் மூன்றாம் கொடியைத் தாண்டி, சனத்துக்குக் கை காட்டியபடி, கலியாண வீட்டில் நடப்பதுபோல் ஆறுதலாக ஓடிக்கொண்டிருந்தார்.

சிறுபிள்ளைகள் பெரியவர்களுக்கு மெல்லத்தான் எறிய வேண்டும் என்பது வழக்கம். எனக்கு அது தெரியும். நான் முழுப் பலத்தோடும் எறிந்தேன்.

முதுகின் நட்டநடுவில் பட்டது. அவர் தடுமாறி, முகம் குப்புற விழுந்தார். முழங்கால் சிராய்ந்து, வெள்ளைச் சப்பாத்து பச்சையாயிற்று. "மெல்லமா எறியிறதெல்லோ பிள்ளை!" என்று யாரோ அதட்டினார்கள். இன்றைக்கு அடி நிச்சயம் என்று அப்பாவைத் திரும்பிப் பார்த்தேன்.

அப்பா பெட்டிமேல் ஏறி நின்றுகொண்டிருந்தார். இரண்டு கைகளையும் வானத்துக்கு உயர்த்தி, "அவுட்! அவுட்!" என்று கத்தினார். அத்தனை வருடத்தில் எந்த அடிக்கும் அவர் அப்படிக் கத்தி யாரும் கேட்டதில்லை. விழுந்தவரைத் தூக்கப் போக வேண்டும் என்ற எண்ணம் அவருக்குக் கடைசியாகத்தான் வந்தது.

இடக்கை மாமா மண்ணைத் தட்டிக்கொண்டு சிரித்தார். "என்னிலை ஏதும் கோவமே பிள்ளை?" என்று கேட்டார். நான் இல்லை என்று தலையாட்டினேன். அவர் நல்ல மனிதர். அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

அன்று இரவு நாங்கள் மூவருமாகச் சாப்பிட்டபோது இடக்கையன் கதை இல்லை. என் கதைதான். அப்பா நானாக நின்று எறிந்து காட்டினார், இடக்கை மாமாவாக விழுந்து காட்டினார், அம்மா பார்க்கவில்லை என்று நினைத்து மறுபடியும் விழுந்தார். நான் சோறு இறங்காமல், பூரித்துப்போய் இருந்தேன். போனவர்களை அப்பா வெறுமனே புகழ்கிறார் என்றே அன்றுவரை எண்ணியிருந்தேன். அந்தப் பெயர்களைச் சொல்லும்போதெல்லாம் அவருக்கும் என்னைப்போலவே வயிறு எரிந்திருக்கும் என்பது, நான் வளர்ந்து, என் சிநேகிதிகள் ஒவ்வொருத்தியாக லண்டன் விமானம் ஏறிய பிறகுதான் எனக்கு உறைத்தது.

அம்மாவுக்கு அது அன்றைக்கே தெரிந்திருக்க வேண்டும். சட்டியைச் சுரண்டிக்கொண்டே, எங்களைப் பார்க்காமல் சொன்னார்:

"தகப்பனும் மகளும் சேந்துதான் எறிஞ்சிருக்கிறியள்."

அப்பாவின் சிரிப்பு நின்றது. அவர் எழுந்து கை கழுவப் போய், வெகுநேரம் தண்ணீரைத் திறந்துவிட்டபடி நின்றார். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இடக்கை மாமாமேல் நான் பெற்ற ஒரேயொரு வெற்றியில் பாதியைத் தூக்கி இன்னொருவருக்குக் கொடுக்கிறாரே என்று அம்மாமேல் கோபம்.

"இல்லை அம்மா," என்றேன். "அப்பா தொடவேயில்லை. நான் தனியத்தான் எறிஞ்சனான்."