நான் அம்மனாக இருந்த ஒன்பது நாள்

என் வாழ்நாளில் ஒன்பது நாள் நான் அம்மனாக இருந்திருக்கிறேன். இதைச் சொன்னால் அலுவலகத்தில் உடன் இருப்பவர்கள் சிரிக்கிறார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். பெற்ற அப்பாவே கற்பூரத் தட்டோடு எதிரில் நின்று கன்னத்தில் போட்டுக்கொண்ட பாக்கியம் அவர்களில் எத்தனை பேருக்குக் கிடைத்திருக்கிறது? எனக்குக் கிடைத்தது. அதுவும் ஒன்பது வயதில்.

மாரண்டஹள்ளியிலிருந்து டவுன் பஸ்ஸில் இருபது நிமிடம் தள்ளி எங்கள் ஊர். அப்பா தக்காளி போடுவார். ஒரே வீட்டின் மேற்குப் பாதியில் நாங்களும் கிழக்குப் பாதியில் பெரியம்மாவும் இருந்தோம். பெரியப்பா நான் பிறப்பதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். தாயில்லாத அப்பாவுக்குச் சின்ன வயதிலிருந்து சோறு போட்டு ஆளாக்கியவள் பெரியம்மாதான். அதனால் அவள் பேச்சுக்கு அந்த வீட்டில் மறுபேச்சு கிடையாது. அப்பா வெளியில் புலி. பாலக்கோடு மார்க்கெட்டில் அவர் குரல் உயர்ந்தால் தரகர்கள் ஒதுங்குவார்கள். பெரியம்மா முன்னால் மட்டும் தோளில் இருக்கும் துண்டு தானாகக் கைக்கு வந்துவிடும்.

அந்த வருஷம் அக்கா பன்னிரண்டாம் வகுப்பு முடித்திருந்தாள். நல்ல மார்க். சேலத்தில் ஒரு நர்சிங் காலேஜில் இடம் கிடைத்துக் கடிதமும் வந்துவிட்டது. அதே வாரம் கடத்தூரிலிருந்து பெரியம்மாவின் தம்பி மகனுக்கு அவளைக் கேட்டும் வந்துவிட்டார்கள். நல்ல பையன்தான், பழுது சொல்ல முடியாது. ஆடி பிறப்பதற்குள் நிச்சயம் செய்துவிட வேண்டும் என்று பெரியம்மா ஆனி மாத வெள்ளிக்கிழமை ஒன்றைக் குறித்துவிட்டாள். அப்பா தலையாட்டினார். அம்மாவை யாரும் கேட்கவில்லை. அக்கா காலேஜ் கடிதத்தைத் தலையணை உறைக்குள் வைத்துத் தைத்துவிட்டு, அதன்மேல் படுத்து அழுதாள். எனக்கு அக்காவைப் பற்றி அப்போது இருந்த ஒரே கவலை, பள்ளிக்கூடத்தில் அவளுக்குக் கொடுத்த இலவச சைக்கிள் கடத்தூருக்குப் போய்விடுமோ என்பதுதான்.

நிச்சயத்துக்கு இரண்டு நாள் முன்னால், புதன்கிழமை காலை, என் கழுத்தில் நான்கு கொப்புளங்கள் இருந்தன. மத்தியானத்துக்குள் நாற்பது. பெரியம்மா வந்து பார்த்தாள். பார்த்த மாத்திரத்தில் செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டுக் கை கூப்பினாள்.

"ஆத்தா வந்திருக்கா. முத்துப் போட்டிருக்கா."

அவ்வளவுதான். அந்த நிமிஷத்திலிருந்து என்னை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. வாசலில் வேப்பிலைக் கொத்து ஏறியது. வீட்டில் தாளிப்பு நின்றது. கறி, மீன், எண்ணெய்ச் சட்டி எதுவும் இல்லை. அப்பா சவரம் செய்யவில்லை, அம்மா தலை வாரவில்லை. வெள்ளை வேட்டியை விரித்து, வேப்பிலை பரப்பி, அதன்மேல் என்னைப் படுக்க வைத்தார்கள். தண்ணீர் கேட்டால் இளநீர் வந்தது. கூழ் வேண்டாம் என்றால் மோர் வந்தது. முந்தின வாரம் ஹோம்வொர்க் எழுதாததற்கு முதுகில் ஒன்று வைத்த அப்பா, வாசற்படிக்கு வெளியே நின்று, "தாயி, கோவமில்லாம எறங்குங்க" என்று என்னிடம் மரியாதையாகப் பேசினார். அரிப்பு உயிர் போனது. ஆனாலும் உண்மையைச் சொல்ல வேண்டும், எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

நிச்சயம் நின்றுபோனது. ஆத்தா வந்திருக்கும் வீட்டில் தாம்பூலம் மாற்ற முடியுமா? பெரியம்மா கடத்தூருக்குப் போன் போட்டாள். அம்மனை இறக்கும் மூன்றாம் தண்ணீர் அடுத்த வியாழன், அதற்கு மறுநாளும் ஆனிதான், அன்றைக்கே முடித்துக்கொள்ளலாம் என்று அவள் உரக்கச் சொன்னது என் படுக்கைவரைக்கும் கேட்டது. அக்காவுக்கு அம்மை வந்ததில்லை என்பதால் அவளைப் பெரியம்மா தன் பாதியிலேயே வைத்துக்கொண்டாள். காலேஜில் சேர அந்த வெள்ளிக்கு மறுநாள் சனிக்கிழமைதான் கடைசி நாள். அதை அக்கா ஜன்னல் வழியாக என்னிடம் சொன்னாள். நான் சைக்கிள் சாவி எங்கே என்று கேட்டேன்.

மூன்றாம் நாள் வீட்டில் ஒரு வழக்கு கிளம்பியது. வந்திருப்பது எந்த அம்மன்? பெரியம்மாவுக்குச் சந்தேகமே இல்லை. குலசாமி அங்காளம்மன்தான். வயசுக்கு வந்த பெண்ணைக் கட்டிக்கொடுக்காமல் காலேஜ், கீலேஜ் என்று வீட்டில் பேச்சு எழுந்ததே, அந்தக் கோபம். முத்து என்றாலே மாரியம்மன்தானே என்று அப்பா முனகினார். ஊர் மாரியம்மனுக்குப் போன வருஷம் கூழ் ஊற்றுவதாகச் சொல்லிவிட்டு அவர் மறந்திருந்தார். அம்மா வாய் திறக்கவில்லை. அவளுக்குப் பிறந்த ஊர் தேன்கனிக்கோட்டைப் பக்கம், தாய்மொழி கன்னடம், தெய்வம் எல்லம்மா. கன்னடம் வீட்டுக்குள் வேண்டாம் என்று கல்யாணமான புதிதிலேயே பெரியம்மா சொல்லிவிட்டதால், எங்களுக்கு அம்மா அதைச் சொல்லித்தரவும் இல்லை. பஸ்ஸிலும் சந்தையிலும் காதில் விழுந்த கன்னடம்தான் எனக்குத் தெரியும்.

ஆளுக்கொரு கோயில் குங்குமம் கொண்டுவந்தார்கள். மூன்றும் என் நெற்றியில் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறின. நான் படுத்தபடியே யோசித்தேன். மூன்று பேர் வந்திருந்தால் எனக்குள் எங்கெங்கே உட்கார்ந்திருப்பார்கள்? மாரி தோலில். அதில் சந்தேகமில்லை. அங்காளி வயிற்றில், ஏனென்றால் பசியில் எனக்குக் கோபம் வந்துகொண்டிருந்தது. எல்லம்மா காதில். அம்மா பேசியதெல்லாம் அங்கேதான் போய்ச் சேர்ந்தது.

மற்றவர்கள் தக்காளிக் காட்டுக்குப் போனபின், பகலில், நானும் அம்மாவும் மட்டும் இருப்போம். அரிக்கிற இடத்தில் அம்மா வேப்பங்கொழுந்தால் நீவிக்கொண்டே இருப்பாள். சுகாதார நிலையத்திலிருந்து வந்த நர்ஸ் கொடுத்த மாத்திரைகளைப் பெரியம்மா, "ஆத்தாளுக்கே மருந்தா?" என்று ஜன்னலுக்கு வெளியே வீசியிருந்தாள். அதற்கப்புறம் என் இளநீர் ஏனோ கசந்தது. கேட்டால், வேப்பிலை விழுந்திருக்கும் தாயி என்றாள் அம்மா. நீவும்போது மெல்லிய குரலில் கன்னடத்தில் பேசுவாள். என்னிடம் அல்ல, எனக்குள் இருந்தவளிடம். அந்த வீட்டில் அம்மா அத்தனை பேசி நான் கேட்டதே இல்லை. ஊர்க்கதை, உடம்பு வலி, தன் அம்மா செத்தது என்று எங்கெங்கோ போய்விட்டு, ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் வந்து நிறுத்துவாள்.

"தொட்ட மகளு ஓதலி, தாயி."

மூத்த மகள் படிக்கட்டும், தாயே. ஒரு நாளைக்கு இருபது தடவையாவது கேட்டிருப்பேன். தூக்கத்தில்கூடக் கேட்டது.

வியாழக்கிழமை மூன்றாம் தண்ணீர். காலையிலேயே முற்றத்தில் அண்டா நிறையத் தண்ணீர் வைத்து, மஞ்சளும் வேப்பிலையும் போட்டு, வெயிலில் காய வைத்தார்கள். உச்சி வெயிலில் என்னைப் பலகையில் உட்கார வைத்தார்கள். ஒன்பது நாள் தாடியோடு அப்பா கற்பூரத் தட்டு ஏந்தி நின்றார். பின்னால் குடத்தோடு அம்மா. கிழக்கு வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு அக்கா. முத்தெல்லாம் காய்ந்து உதிர ஆரம்பித்திருந்தது. இந்தத் தண்ணீர் விழுந்தால் அம்மன் இறங்கிவிடுவாள், நாளை முதல் நான் பழைய நான்காம் வகுப்புதான். அதனால் கேட்க வேண்டியதை இப்போதே கேட்டுவிட வேண்டும் என்று முடிவு செய்திருந்தேன். 'அந்த சைக்கிள இந்தச் சின்னவளுக்கே விட்டுருங்க' என்று மனதுக்குள் நாலு தடவை சொல்லியும் பார்த்திருந்தேன்.

பெரியம்மா முன்னால் வந்து மண்டியிட்டாள். "தாயி, எறங்கப் போற நேரம். யாரு வந்திருக்கேன்னு ஒரு வார்த்த சொல்லிட்டுப் போ. அங்காளியா? மாரியா?"

நான் மாட்டிக்கொண்டேன். அங்காளி என்றால் அப்பா முகம் வாடும். மாரி என்றால் பெரியம்மா விடமாட்டாள். எல்லம்மா என்று யாருமே கேட்கவில்லை. குடத்தோடு நிற்கிற அம்மாவை நினைத்தபோது எல்லம்மாவை விட்டுவிடவும் எனக்குப் பிடிக்கவில்லை.

"எல்லாரும்தான்டி வந்திருக்கோம்" என்றேன்.

அந்த 'டி' எப்படி வந்தது என்று இன்றுவரை தெரியாது. சாமியாடுகிறவர்கள் அப்படித்தான் பேசுவார்கள் என்று பார்த்திருந்தேன், அதுவாக இருக்கும். ஆனால் அது செய்த வேலை பெரிது. பெரியம்மாவுக்கு மயிர்க்கூச்செறிந்தது. "எல்லாருமா! எங்க வூட்டுக்கா!" என்று நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். ஊரில் மற்றவர்கள் வீட்டுக்கு ஒரு அம்மன் வந்து போயிருக்கிறாள். எங்கள் வீட்டுக்கு அக்கா தங்கச்சிகளாகச் சேர்ந்து வந்திருக்கிறார்கள்.

"நாங்க என்ன கொற வெச்சோம் தாயி? என்ன வேணும்னு கேளு. எதுன்னாலும் செய்யறோம்."

இதற்குத்தானே காத்திருந்தேன். வாயைத் திறந்தேன். திறந்ததும் சைக்கிள் வரவில்லை. ஒன்பது நாளாகக் காதில் விழுந்து விழுந்து நாக்கிலேயே தங்கிவிட்டது வெளியே வந்தது.

"தொட்ட மகளு ஓதலி, தாயி."

 அங்கே எல்லாருக்கும் கன்னடம் புரியும், எல்லைப்புறத்தில் சந்தைக்குப் போகிற யாருக்குத்தான் புரியாது? ஆனால் எனக்கு அது பேச வராது என்பதும் எல்லாருக்கும் தெரியும்.  தெய்வம் எதற்குத் 'தாயி' என்று யாரையோ கூப்பிட வேண்டும் என்ற கேள்வி ஒருவருக்கும் எழவில்லை. நான் பெரியம்மாவைப் பார்த்துத்தான் சொன்னேன். அவள் அதைத் தனக்கே எடுத்துக்கொண்டாள்.

"என்னயத் தாயின்னு கூப்புட்டாளே!" என்று அப்படியே என் காலில் விழுந்தாள். "படிக்கட்டும் தாயி. படிக்கட்டும். உன் வாக்க மீறி இந்த வூட்டுல எதுவும் நடக்காது."

அக்கா தலையணை உறையைப் பிரிக்க உள்ளே ஓடினாள். அப்போதுதான் எனக்கு என் காரியம் நினைவுக்கு வந்தது. கையை உயர்த்தி, "அப்புறம் அந்த சை..." என்று ஆரம்பித்தேன். தலையில் ஒரு குடம் தண்ணீர் மொத்தமாக விழுந்தது. மூக்கிலும் வாயிலும் வேப்பிலை. நான் இருமி முடிப்பதற்குள் அப்பா கற்பூரம் காட்டி முடித்துவிட்டார், பெரியம்மா குலவை போட்டுவிட்டாள், அம்மன்கள் மூவரும் இறங்கிப் போய்விட்டார்கள்.

பெரியம்மா அன்று மாலையே கடத்தூருக்குப் போன் போட்டாள். அதில் வருத்தம் துளியும் இல்லை. மூன்று பேர் வந்ததையும், அதில் ஒருத்தி தன்னைத் தாயே என்று அழைத்ததையும் சொல்லிவிட்டு, தம்பி மகனுக்கு வேறு இடம் பார்க்கச் சொல்லிக் கடைசியில் ஒரு வாக்கியம் சேர்த்தாள். வெள்ளிக்கிழமை அப்பா சவரம் செய்துகொண்டார். சனிக்கிழமை விடியற்காலைப் பஸ்ஸில் அக்காவைச் சேலத்துக்குக் கூட்டிப்போனார். போகும்போது என் பக்கம் திரும்பி, கும்பிடுவதா வேண்டாமா என்று தெரியாமல் கையைப் பாதி உயர்த்திவிட்டு இறக்கிக்கொண்டார். சைக்கிள் நான் கேட்காமலே எனக்கு வந்தது.

அக்கா இப்போது ஓசூரில் ஒரு ஆஸ்பத்திரியில் ஸ்டாஃப் நர்ஸ். இரண்டு வருஷம் முன்பு பெரியம்மாவுக்கு இடுப்பு முறிந்தபோது, அவளை அங்கேதான் சேர்த்தோம். வார்டில் படுத்துக்கொண்டு, பக்கத்துக் கட்டில்காரர்களிடம், "அந்த நர்ஸம்மா எங்க வூட்டுப் புள்ள. அவளப் படிக்க வெச்சது அங்காளம்மாதான். நேர்ல வந்து என்னயக் கேட்டா" என்று அவள் சொல்வதை நானே கேட்டேன். மூன்று பேராக வந்தவர்கள் எப்போது ஒருத்தியானார்கள் என்று நான் கேட்கவில்லை. அப்பாவைக் கேட்டால் அவர் மாரியம்மன் என்பார், வருஷம் தவறாமல் கூழும் ஊற்றுகிறார். நானோ இத்தனை காலமும் அக்காவிடம், உனக்கு வாழ்க்கை கொடுத்தவள் நான்தான் என்று சொல்லிச் சொல்லியே பிறந்தநாளுக்குச் சேலை வாங்கிக்கொள்கிறேன்.

போன ஆடியில் ஊருக்குப் போனபோது, அம்மா அவரைக்காய்க்கு நார் உரித்துக்கொண்டிருந்தாள். எல்லாம் நான் சொன்னதால்தானே நடந்தது என்று அவளிடமும் பெருமை அடித்தேன். அம்மா நிமிரவில்லை.

"அது ஆத்தா வாக்குடி. அதுல நீ எங்க வந்தே?"

கொஞ்சம் சுருக்கென்றுதான் இருந்தது. ஆனாலும் அவள் பொய் சொல்கிறவள் இல்லை, அவளுக்கு அது எல்லம்மாவின் வாக்குதான். பஸ் ஏறித் திரும்பும்போது, அந்த முற்றத்தை மறுபடி நினைத்துப் பார்த்தேன். ஒன்பது வயதில் எனக்குப் புரியாமல் போனது ஒன்றே ஒன்றுதான். முதல் தண்ணீரையும் இரண்டாம் தண்ணீரையும் அம்மா சொம்பு சொம்பாக மொண்டு, வேப்பிலை கண்ணில் பட்டுவிடாமல் என் நெற்றியை ஒரு கையால் மறைத்துக்கொண்டு, அத்தனை மெதுவாக ஊற்றினாள். மூன்றாம் தண்ணீரை மட்டும், நான் 'சை' என்று வாயெடுத்ததும், குடத்தோடு கவிழ்த்தாள்.